மஞ்சள் நீரும் பொய்த் தாயும்

வரலாற்று நவீனம் என்றதுமே நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன கோட்டை கொத்தளங்களும், வாளேந்திய வீரரும், குதிரைக் குளம்பொலியுமே. இது கல்கி அவர்கள் தமிழருக்கு விட்டுச் சென்ற செல்வம். அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' என்னும் பெருங்கதையின் அடித்தளத்தில் கிடப்பது யாது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பிறந்தவுடன் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு குழந்தை. அதன் இடத்திலே வைக்கப்பட்ட வேறொரு தாயின் குழந்தை. புதைக்கக் கொண்டுபோன இடத்தில் உயிர்க்குறி காட்டி, குடிசையிலே வளர்ந்து, பூத்தொடுத்துப் பிழைத்த பிள்ளை. சோழர் சிம்மாசனத்தின் சிக்கல் ஒரு தொட்டிலிலே தொடங்குகிறது.

கல்கியின் கதையில் 'குழந்தை இறந்துவிட்டது' என்பது ஒரு மயக்கம். கதை முடிவில் அம்மயக்கம் நீங்கி, பிள்ளை முடிசூடுகிறான். இருபதாம் நூற்றாண்டிலோ அதே வாக்கியம் வணிகர் கையிலே ஒரு கருவியாயிற்று. இக் கருவியைக் கையாண்டோரைப் பற்றி எழுந்த ஒரு நாவலை அண்மையில் வாசித்தேன். அமெரிக்க எழுத்தாளர் லிசா விங்கேற் 2017இல் வெளியிட்ட 'பிஃபோர் வீ வேர் யுவர்ஸ்' என்பதே அது. 'நாங்கள் உங்களுடையவர் ஆகுமுன்' என அத்தலைப்பைத் தமிழிற் கூறலாம்.

கதை 1939இல் மெம்பிஸ் நகருக்கு அருகே, மிசிசிப்பி ஆற்றில் நிற்கும் ஒரு படகு வீட்டிலே தொடங்குகிறது. வறிய குடும்பம், ஐந்து பிள்ளைகள். பெற்றோர் மருத்துவமனைக்குச் சென்ற வேளையில் பிள்ளைகள் கவர்ந்து செல்லப்படுகின்றனர். குடும்பம் கற்பனை, கவர்ந்த நிறுவனம் கற்பனையன்று. ஜோர்ஜியா ரான் என்னும் பெண்மணி 1924 முதல் 1950 வரை மெம்பிசில் நடத்திய சிறுவர் இல்லத்தின் வழியாகச் சுமார் 5,000 குழந்தைகள் கைமாறினர் என்று கணிக்கப்பட்டுள்ளது. மயக்க மருந்தின் பிடியிலிருந்த தாய்மாரிடம் கையொப்பம் பெறப்பட்டது. சிலரிடம் பிள்ளை இறந்தது என்று கூறப்பட்டது. சிறுவர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே அதற்குத் துணை நின்றார். 1950 செப்ரெம்பரில் விசாரணை வெளிவந்த சில நாட்களில், வழக்கு எதற்கும் முகங்கொடாமலே ரான் நோயினால் இறந்தார். பிள்ளைகளின் பதிவுகள் அவர்களுக்குத் திறக்கப்பட்டதோ 1995இலே.

இந்நாவலை நம்மவரிடையே பேச நேர்ந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "அமெரிக்க ஆற்றங்கரைக் கதை யாழ்ப்பாணத்தானுக்கு எதற்கு?" கேள்வி நியாயமானதே. விடையைத் தேடி நாம் மிசிசிப்பிக்குப் போக வேண்டியதில்லை. கொழும்புக்குப் போனாற் போதும்.

1980களில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் மேலைநாடுகளுக்கு மகவேற்பாகச் சென்றனர். நெதர்லாந்தும் சுவிற்சர்லாந்தும் சுவீடனும் பிரித்தானியாவும் அவ் வரிசையில் அடங்கும். எல்லாக் குழந்தைகளும் களவு போனவர்கள் அல்லர். வறுமையினால் மனமொப்பிக் கொடுத்த தாய்மாரும் உளர். ஆனால் 'குழந்தைப் பண்ணைகள்' என்று பெயர்பெற்ற இடங்கள் இருந்தன. பணம் பெற்று நீதிமன்றத்தில் தாயாக நின்ற பெண்கள் இருந்தனர். பெற்றவள் ஒருத்தி, ஒப்புதல் கொடுத்தவள் வேறொருத்தி. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இருந்த பெயரைத் தேடி வளர்ந்தபின் இந்நாட்டுக்கு வந்த மக்கள், அப்பெயருக்குரியவளுக்கும் தமக்கும் இரத்த உறவில்லை எனக் கண்டு திரும்பினர். 2017இல் ஒல்லாந்துத் தொலைக்காட்சியின் 'செம்ப்ளா' நிகழ்ச்சி இவற்றை வெளிக்கொணர்ந்தது. அதிலே அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன குழந்தைப் பண்ணைகள் இருந்தமையை ஒப்புக்கொண்டார். 2020 டிசெம்பரில் சுவிற்சர்லாந்து அரசு தன் அதிகாரிகளின் தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் விசாரணைக் குழு, இலங்கை உள்ளிட்ட நாடுகளில் நிகழ்ந்த முறைகேடுகளை அரசு அறிந்தும் வாளாவிருந்ததென முடிவு கூறியது. வெளிநாட்டு மகவேற்பும் அன்று இடைநிறுத்தப்பட்டது.

ஒல்லாந்து என்ற பெயரைக் கேட்டவுடன் யாழ்ப்பாணத்து வாசகர்க்கு வேறொரு நினைவு எழுதல் வேண்டும். நம் தேசவழமையை ஏட்டில் எழுதுவித்தவர்கள் ஒல்லாந்தரே. ஆளுநர் கோர்னேலிஸ் ஜோன் சீமன்சின் ஆணைப்படி கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் திசாவை அதனைத் தொகுத்தார். தமிழாக்கத்தை முதலியார் பன்னிருவர் பார்த்து ஒப்பினர். அத் தொகுப்பு 1707இல் நிறைவெய்தியது. அதிலே பிள்ளையைச் சுவீகரிக்கும் முறையும் உண்டு. பிள்ளையில்லாதார் ஒரு பிள்ளையை எடுக்க விரும்பின், தம் உரிமைக்காரரான உறவினரின் சம்மதம் பெறல் வேண்டும். பின்னர் அவர்கள் அறிய மஞ்சள் நீர் அருந்தும் சடங்கு நிகழும். அச் சடங்கு வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. இன்றைய சட்டத்தின் வேர் 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டமாகும்.

பழமையைப் பொன்னென்று போற்றுவது என் நோக்கமன்று. அச்சம்மதம் முதன்மையாகச் சொத்தைக் கருதிக் கேட்கப்பட்டது. பெற்ற தாயின் துயரை எண்ணியன்று. அதே தேசவழமையிலே அடிமைகளை உடைமையாகக் கொண்ட விதிகளும் இருந்தன. எனினும் ஒன்றை மறுக்கவியலாது: பிள்ளை கைமாறுவது ஊரறிய நடந்தது. இன்னார் பிள்ளை இன்னார் வீட்டுக்குப் போயிற்று என்பதற்கு உறவே சாட்சியாயிருந்தது. அவ்விடத்தைப் பத்திரமும் முத்திரையும் பெற்றபோது, சாட்சி இல்லாமற் போயிற்று. பத்திரம் சொல்வதே உண்மை என்று நம்பிய உலகத்திலேதான் பொய்த் தாய் நீதிமன்றப் படியேற முடிந்தது. மெம்பிசிலும் நடந்தது இதுவே. இரண்டிடத்திலும் சட்டம் இல்லாமையால் அன்று, சட்டத்தின் உருவிலேயே களவு நிகழ்ந்தது. 1992இல் இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டு மகவேற்பு நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் மேற்பார்வைக்குள் இறுக்கப்பட்டதும் இதனாலேயே.

அறிக்கைகள் இருக்கும்போது நவீனம் எதற்கு? அறிக்கை தொகையைச் சொல்லும். யார் பிழைத்தார் என்று சொல்லும். கூலிக்குத் தாயாக நின்றவளும் ஏழையே என்பதை, அவள் நீதிபதிக்கு முன்னே பிறர் பிள்ளையை மடியில் வைத்திருந்த அந்த நாழிகையில் அவள் நெஞ்சு என்ன சொல்லிற்று என்பதை, அறிக்கை சொல்லாது. தூரதேசத்தில் நல்லெண்ணத்தோடு பிள்ளையை ஏந்திய தம்பதியர், முப்பதாண்டுகள் கழித்துத் தம் அன்பின் தொடக்கத்தில் ஒரு களவு இருந்ததென அறியும் துன்பத்தையும் சொல்லாது. விங்கேற்றின் நாவலில் எனக்கு ஒரு குறை தோன்றிற்று: ரான் முழுக்க அரக்கியாகிவிடுவதால், அவளுக்கு இடங்கொடுத்த கனவான்கள் நிழலிலே ஒதுங்கிவிடுகின்றனர். நம்மவர் எழுதும்போது அந் நிழலுக்கு விளக்குப் பிடித்தல் வேண்டும். கையொப்பமிட்டவர், முத்திரை குத்தியவர், விமானச்சீட்டு வாங்கியவர் எல்லாரும் மாலையில் வீடு திரும்பித் தம் பிள்ளைகளை அணைத்துக் கொண்டவர்களே.

இலக்கிய வட்டத்து இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. சோழனையும் சங்கிலியனையும் எழுத நமக்கு நூற்றாண்டுகள் காத்திருக்கும்; கல்வெட்டு ஓடிவிடாது. 1980களில் பிள்ளையை இழந்த தாய்மாருட் பலர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர். அவர்களின் சம்மதத்தை அன்று எவரும் உண்மையாகக் கேட்கவில்லை. கதை எழுதப் புகுவோர், பேனாவைத் திறக்குமுன்னர் அதையேனும் அவர்களிடம் கேட்டல் வேண்டும்.