நிலக்கொடையும் கிராமத் தொண்டரும்

நிலமில்லா உழவனுக்கு நிலம் வேண்டும் என்று கூறுதல் எளிது. அந்நிலம் அவன் கைக்கு வந்து சேருமுன் நிகழவேண்டிய கருமங்களோ பல. ஆசாரிய வினோபா பாவே இந்தியாவிலே தொடங்கிய பூதான இயக்கத்தின் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டும். அவ்வியக்கத்தைப் பற்றிப் பேசுவோர் வினோபாவின் பாதயாத்திரையையும் கொடையாளரின் பெருந்தன்மையையும் விரித்துரைப்பர். கொடை நிகழ்ந்தபின் கிராமத்திலே தங்கி வேலைசெய்த தொண்டரைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

1951ஆம் ஆண்டு ஏப்பிரில் 18ஆந் திகதி, தெலுங்கானாப் பகுதியில், நல்கொண்டா மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கு வினோபா வந்து சேர்ந்தார். நிலக்கிழாருக்கும் உழவருக்குமிடையே மூண்ட கலகத்தால் அப்பகுதி அல்லற்பட்டிருந்த காலம் அது. அவ்வூர்த் தாழ்த்தப்பட்ட குடும்பத்தினர் நாற்பதின்மர் தமக்கு எண்பது ஏக்கர் நிலம் கிடைப்பின் உழுது பிழைப்போம் என்றனர். வினோபா அவ்வேண்டுகோளை ஊரவரிடமே வைத்தார். அங்கிருந்த இராமச்சந்திர ரெட்டி என்பார் நூறு ஏக்கர் தருவதாக எழுந்து கூறினார். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வினோபா ஊரூராக நடந்தார். ஐந்து கோடி ஏக்கர் பெறுதல் நோக்கமாயிருந்தது. கிடைத்தது நாற்பது இலட்சத்துக்குச் சற்று மேல். அதிலும் ஏறத்தாழ அரைப்பங்கு பீகாரிலே கிடைத்தது.

எனினும் தானபத்திரத்தில் எழுதிய ஏக்கர் வேறு, ஏர் பூட்டத்தக்க ஏக்கர் வேறு. தொண்டன் பத்திரத்தோடு ஊருக்குச் சென்று பார்த்தபோது சிலவிடத்து நிலம் கற்பாறையாய்க் கிடந்தது. சிலவிடத்து வழக்கிலும் அடைமானத்திலும் சிக்கியிருந்தது. கொடுத்தவரே மனம் மாறியதும் உண்டு. எல்லை அளத்தல், கிராமக் கணக்கரின் ஏட்டோடு ஒப்பிடுதல், வில்லங்கம் நீக்குதல், பெயர் மாற்றுதல் ஆகிய யாவும் அத்தொண்டனின் தலைமேல் விழுந்தன. பின்னர் ஊர்ப்பொதுவிலே கூட்டம் கூட்டப்படும். நிலமில்லாதார் தம்முள் எவருக்குத் தேவை மிகுதி என்பதைத் தாமே கூடித் தெரிதல் வேண்டும்; அதிகாரி எவரும் பெயர் குறித்துக் கொடுப்பதில்லை. மூன்றிலொரு பங்கு தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது. பெற்றவர் அதனை விற்றலும் தரிசாக விடுதலும் ஆகா. இவ்வொழுங்குகளுக்குச் சட்டவலு அளித்தற்பொருட்டு மாகாணங்கள் தனித்தனிச் சட்டம் இயற்றின. சென்னை மாகாணத்துச் சட்டம் 1958இல் வந்தது. இத்துணை வேலைக்கும் ஏற்ற தொகையினராய்த் தொண்டர் இருந்தாரல்லர். தானமாய் வந்த நிலத்திற் பெரும்பகுதி நெடுங்காலம் கழிந்தும் பகிரப்படாது கிடந்தமைக்கு இது முதன்மையான காரணம் எனலாம். கொடை பெறும் யாத்திரை ஓர் ஊரில் ஒரு நாளே தங்கும். பகிர்ந்தளிக்கும் வேலைக்கு மாதங்கள் வேண்டும்.

1952இல் உத்தரப் பிரதேசத்து மங்ரோத் என்னும் ஊரார் தம் நிலம் முழுவதையும் ஊருக்கே ஒப்புவித்தனர். கிராமதானம் இவ்வாறு பிறந்தது. ஒரிசாவின் கோராபுட் மாவட்டத்தில் இது பெரிதும் பரவிற்று. (1958இல் கொழும்பு நாலந்தா வித்தியாலயத்து ஆசிரியர் ஆரியரத்தின தம் மாணவரோடு தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கமும் இம்மரபிலிருந்து ஊக்கம் பெற்றதே, ஆயின் அது மக்களிடம் நிலத்தைக் கேளாது உழைப்பைக் கேட்டது.)

தமிழ்நாட்டில் வினோபா 1956, 1957ஆம் ஆண்டுகளில் நடந்தார். அங்கு இப்பணியைத் தாங்கி நின்றோருள் ஜகந்நாதனும் அவர்தம் மனைவியார் கிருஷ்ணம்மாளும் குறிப்பிடத்தக்கவர். தானமாய்ப் பெற்ற நிலம் தரிசாய்க் கிடப்பின் பயனில்லை என்பது அங்கு விரைவில் உணரப்பட்டது. கையில் மாடும் விதையும் முதலும் இல்லாதவன் முட்செடி மண்டிய மேட்டுநிலத்தை என்செய்வான்? முட்செடி களைந்து, நிலத்தைச் சமப்படுத்தி, கிணறு வெட்டி அத்தகைய நிலங்களைப் பண்ணைகளாக்கும் பொருட்டு 1960களின் இறுதியில் அசேபா என்னும் சங்கம் எழுந்தது.

1968 டிசெம்பர் 25ஆந் திகதி கீழ்த்தஞ்சைக் கீழ்வெண்மணியிலே, கூலியுயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சார்ந்த நாற்பத்து நால்வர் குடிசையினுள் வைத்து எரிக்கப்பட்டனர். அதன்பின் ஜகந்நாதன் தம்பதியர் அப்பகுதிக்கே சென்று பணிபுரியலாயினர். தானம் கேட்கும் முறை அங்கு போதாதென்பது தெளிவாயிற்று. 1981இல் அவர்கள் நிறுவிய உழுபவனின் நிலவுரிமை இயக்கம் நிலக்கிழாரோடு விலைபேசி, வங்கிக் கடனால் நிலத்தை வாங்கிக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் அளித்தது. கடனை உழவரே விளைச்சலிலிருந்து தவணையாகத் தீர்ப்பர். நிலக்கிழார் விலையைப் பெற்றமையால் மனம் மாறுதற்கு இடமில்லை. ஏழை கடன் தீர்த்தமையால் பிறர் கொடையில் வாழ்பவன் என்னும் பெயருமில்லை. இவ்வகையில் ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. உறுதிகள் பெண்களின் பெயரிலேயே எழுதப்பட்டன. ஆடவர் கடனுக்காக நிலத்தை ஈடுவைக்கும் இடர் இதனாற் குறையும் என்பது வெளிப்படை.