பிள்ளைகளும் தச்சுவேலையும்

தச்சர் வீட்டுப் பிள்ளை அல்லாதவனுக்கு உளியும் இழைப்புளியும் எதற்கு என்று கிராமங்களில் வினவுவதுண்டு. இவ்வினாவுக்கு ஸ்வீடன் தேசத்தில் விடை கண்டவர் ஆட்டோ ஸாலமன் (1849–1907) என்பவர். அவருடைய உறவினரான ஆப்ரஹாம்ஸன் என்னும் வர்த்தகர், கோட்டன்பர்க் நகரத்துக்கு அருகிலுள்ள நேஸ் பண்ணையை 1868-இல் வாங்கி, 1872-இல் அங்கே பையன்களுக்குக் கைத்தொழிற் பள்ளி ஒன்றை ஏற்படுத்தினார். ஸாலமன் அதனை நடத்தினார். பிற்காலத்தில் பல தேசத்து உபாத்தியாயர்களும் அங்கு சென்று பயின்றனர்.

'ஸ்லாய்டு' எனப்படும் அம்முறையின் நோக்கம் தச்சர்களை உண்டாக்குவதன்று; கையையும் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே பழக்குவதாம். முதற்கருவி கத்தியே. எளிய சாமானில் தொடங்கிக் கடினமானதற்குச் செல்லும்படி மாதிரிகள் வரிசையாக அமைக்கப்பட்டன. கரண்டி, கருவிப்பிடி போன்று வீட்டுக்கு உதவுவனவே அவை. ஒன்றைச் செவ்வையாகச் செய்து முடித்தவனே அடுத்ததற்குப் போகலாம். வகுப்பு முழுவதும் ஒரே வேலையை ஒரே நேரத்தில் முடிக்கவேண்டும் என்ற நியதி இல்லை. உபாத்தியாயர் காட்டலாம், சொல்லலாம். பிள்ளையின் வேலையில் கை வைக்கலாகாது.

இக்கடைசி விதியே யாவற்றினும் அரியது. மரத்தின் நார் ஓட்டத்துக்கு எதிராகச் சீவினால் மரம் பிய்யும். இரண்டு மூன்று முறை பிய்ந்த பின்பு பிள்ளை தானே மரத்தைத் திருப்பிப் பிடிப்பான். அதற்குள் பெரியவர் பொறுமையிழந்து கத்தியை வாங்கிச் சீவிக் கொடுத்துவிட்டால், கரண்டி அழகாயிருக்கும். கற்றது பெரியவரேயன்றிப் பிள்ளையல்லன். பள்ளியில் பொருட்காட்சி நெருங்கும்போது இத்தவறு மிகுதி. "ஒரு மாதமாக ஒரு கரண்டிதானா?" என்று தகப்பனார் கடிந்துகொள்வதும் அதற்கு ஒரு காரணம். அக்கரண்டிக்குமுன் கோணலாய்ப் போன இரண்டு மூன்றையும் அவர் கேட்டு வாங்கிப் பார்த்தல் நலம்.

பிள்ளைக்குத்தானே என்று மழுங்கிய உளியைக் கொடுப்பது பெரும்பிழை. மழுங்கிய உளிக்கு அதிக பலம் வேண்டும். பலங்கொண்டு தள்ளும்போதே அது வழுக்கிக் கையைக் கிழிக்கும். கூரிய உளியே அபாயம் குறைந்தது. வெட்டும் திசையில் மற்றக் கை இராதபடி மட்டும் பழக்கவேண்டும்.

சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து பள்ளிக்குக் கருவிகள் வாங்கிக்கொடுக்கக் கருதும் பஞ்சாயத்தார், விலையுயர்ந்த இழைப்புளிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வெவ்வேறு சாமான் செய்வதால் ஒரே கருவி எல்லோருக்கும் ஒருங்கே வேண்டியதில்லை. சில கத்திகள், ஒரு ரம்பம், ஒரு மூலைமட்டம், நல்ல தீட்டுக்கல் ஆகியவற்றுடன் தொடங்கலாம். தீட்டும் வேலையையும் பிள்ளைகளிடமே விடுக.