மன்னன் விராம்ஷாபூவும் அர்மேனிய எழுத்துகளும்

அர்மேனியத் திருச்சபையின் வரலாற்றைப் பயில்வோர் திரிதாத் மன்னனையும் அவனுக்குத் திருமுழுக்கு அளித்த கிரகோரியாரையும் நன்கு அறிவர். அவர்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிற்பட்டு ஆண்ட விராம்ஷாபூவை அறிந்தோர் சிலரே.

கி.பி. 387இல் உரோமும் பாரசீகமும் அர்மேனியாவைப் பங்கிட்டுக்கொண்டன. பாரசீகத்திற்குக் கிட்டிய பெரும்பகுதியில், பேரரசனின் விருப்பப்படி முடிசூடியவன் விராம்ஷாபூ. அவனுக்குமுன் ஆண்ட சகோதரன் கோஸ்ரோ பதவி பறிக்கப்பட்டுச் சிறையிலிருந்தான். ஆகவே, இவன் எத்துணை எச்சரிக்கையோடு நடக்கவேண்டியிருந்தது என்பதை நாம் மனத்திற்கொள்ளவேண்டும்.

அந்நாளில் அர்மேனிய மொழிக்கு எழுத்தில்லை. ஆலயங்களில் திருமறை கிரேக்கத்திலோ சுரியானியிலோ வாசிக்கப்பட்டது. மக்களுக்கோ அது விளங்கவில்லை. முன்னர் அரசவையில் பணியாற்றிப் பின் துறவு பூண்ட மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ், நற்செய்திப் பணியில் இக்குறையை நேரிற் கண்டவர். அவரும் தலைமைப் பேராயர் சாகாக்கும் கூடி ஆராய்ந்து, மன்னனிடம் சென்றனர். குருமாரின் கவலை தனக்கென்ன என்று அவன் ஒதுக்கிவிடவில்லை. தானியேல் என்னும் சுரியானிப் பேராயரிடம் அர்மேனிய எழுத்துகள் இருப்பதாக அறிவித்தவனே அவன்தான். தூதனுப்பி அவற்றை வரவழைத்தான். ஈராண்டளவு கற்பித்தபின், அம்மொழியின் ஒலிகள் அனைத்திற்கும் அவ்வெழுத்துகள் போதா எனத் தெரிந்தது. மன்னன் சோர்வுறாது, மெஸ்ரோப்பை மாணவரோடு எதேசா, அமீதா ஆகிய நகர்கள் அமைந்த சுரியானி நாட்டிற்கு அனுப்பினான். ஏறத்தாழ 405இல் 36 எழுத்துகள் உருவாயின. சாமோசாத்தாவில் ரூபினு என்னும் எழுத்தர் அவற்றிற்கு வடிவம் திருத்தினார். அங்கேயே நீதிமொழிகள் நூலிலிருந்து மொழிபெயர்ப்பும் தொடங்கிற்று.

மெஸ்ரோப் திரும்பியபோது மன்னனும் சாகாக்கும் பிரபுக்களும் நகருக்கு வெளியே ஆற்றங்கரைவரை சென்று எதிர்கொண்டனர் என்று அவர்தம் மாணவர் கோரியூன் எழுதிவைத்துள்ளார். (1794இல் சென்னையில் அச்சான 'அஸ்தரார்' என்னும் முதல் அர்மேனிய இதழும் இவ்வெழுத்துகளிலேயே வெளிவந்தது.)

சுரியானியைச் சார்ந்திருந்தால் பாரசீகத்தின் கையும், கிரேக்கத்தைச் சார்ந்திருந்தால் உரோமின் கையும் திருச்சபையில் ஓங்கியிருக்கும். தாய்மொழித் திருமறை இவ்விரண்டினின்றும் அதனைக் காத்தது. மன்னன் இதனை முன்னரே உணர்ந்திருந்தான் என்பது எமது கருத்து. எனினும், 431இல் கூடிய எபேசு மாமன்றத்திற்குப்பின் கிரேக்கப் படிகளோடு ஒப்பிட்டுத் திருத்தப்பெற்ற மொழிபெயர்ப்பைக் காண அவன் உயிரோடில்லை.

அவன் மகன் அர்தாஷேசுக்கு எதிராகப் பிரபுக்களே பாரசீகப் பேரரசனிடம் முறையிட்டனர். சாகாக் அவர்களுக்கு உடன்பட மறுத்தார். 428இல் அர்தாஷேஸ் நீக்கப்பட்டான். அர்சாசியர் ஆட்சி அத்துடன் முடிவுற்றது. சாகாக்கும் தம் பதவியை இழந்தார்.