முருகைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

முருகையைக் கல்லென்று எண்ணுகிறோம். அஃது உயிருள்ள பிராணி. அதன் தசைக்குள் நுண்ணிய அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவாக்கி, பெரும்பகுதியை முருகைக்கே அளிக்கின்றன. ஒளி குன்றினால் முருகை பட்டினியால் மெலியும். மிஞ்சினாலோ அல்காக்களை இழந்து வெளிறும். 1998ஆம் ஆண்டில் கடல்நீர் சூடேறியபோது ஹிக்கடுவையில் முருகைகள் வெளிறி மடிந்ததும் இவ்வுறவு முறிந்தமையாலேயே.

கண்ணாடித் தொட்டியில் முருகை வளர்ப்போர் ஒளியை மதிப்பிடக் கண்ணை நம்பலாகாது. நம் கண் பச்சையொளியையே மிகுதியாக உணரும். அல்காக்களோ நீலவொளியை நன்கு பயன்படுத்துவன. ஆகவே, ஒளித்தொகுப்புக்கு உதவும் ஒளியை அளக்கும் 'பார்' மானியை, நீருக்குள் முருகை இருக்கும் இடத்திலேயே வைத்து அளத்தல் வேண்டும். சதுர மீற்றருக்கு வினாடியொன்றில் இத்தனை மைக்குரோமோல் என்பது கணக்கு. மென்முருகைகளுக்கு ஏறத்தாழ 50 முதல் 150 வரை போதும்; கிளைவிடும் கன்முருகைகள் பலவற்றுக்கு 200 முதல் 350 வரை வேண்டும். உச்சி வெயிலோ 2,000ஐ எட்டும்.

குறைவு கண்டவுடன் விளக்கை முழுவதும் கூட்டிவிடுதல் ஆபத்து. வெலிமடைத் தோட்டங்களில் வாழும் நாம் அறிந்த முறையே இதற்கும் ஏற்றது. நாற்றுமேடையிலுள்ள தேயிலைக் கன்றுக்கு நிழலை ஒரே நாளில் நீக்குவதில்லை. சிறுகச் சிறுகவே குறைக்கிறோம். முருகைக்கும் அவ்வாறே, சில வாரங்களில் படிப்படியாக ஒளியைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் அளந்து பார்த்தல் நன்று.