40 டன் தண்டு 40 டன் தாங்குமா?

"சார், இந்த ஜோரான் 40 டன் கார்பனாம். அப்படியென்றால் 40 டன் எடையைத் தாங்குமா?"

படிவம் 4 மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி இப்படிக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல இது. பல ஆண்டு மீன்பிடித்துப் பழகிய பெரியவர்களே 'டன் கூடினால் பலம் கூடும்' என்று நம்பித்தான் கடையில் பணத்தை எடுத்து வைக்கிறார்கள். அந்த மாணவரோ மாதக்கணக்கில் சேர்த்த பணத்தில், தன் கையாலேயே ஒரு ஸ்பின்னிங் தூண்டில் கோல் கட்டப் போகிறார். உங்களில் சிலருக்கும் அந்த ஆசை இருக்கும். பணத்தைக் கொடுப்பதற்கு முன், கொஞ்சம் இயற்பியல் பார்ப்போம்.

சொந்தமாகக் கோல் கட்டுகிறவர்கள் முதலில் வாங்குவது 'பிளேங்க்' எனப்படும் வெறும் தண்டு. நூல் வளையங்கள், பிடி, ரீல் பொருத்தும் இருக்கை எதுவும் அதில் இருக்காது. அடியில் பருத்து நுனியில் மெலியும் ஓர் உள்ளீடற்ற குழாய், அவ்வளவுதான். வளையத்தைப் பிறகு மாற்றலாம், பிடியை அறுத்தெடுத்து வேறு போடலாம். தண்டின் குணத்தை மட்டும் எதைக் கொண்டும் மாற்ற முடியாது. அதனால் தேர்வு எல்லாம் இங்கேதான்.

இந்தக் குழாய் உருவாகும் விதம் சுவையானது. பிசினில் தோய்ந்த கரிம இழைத் தாளைக் கொடி வடிவத்தில் வெட்டி, கூம்பாகச் செல்லும் எஃகுக் கம்பி ஒன்றின்மேல் இறுக்கமாகச் சுற்றுகிறார்கள். மேலே நாடா சுற்றி அடுப்பில் சுடுகிறார்கள். பிசின் இறுகியதும் கம்பியை உருவி எடுத்தால் தண்டு தயார். பாய் சுருட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 40 டன்னுக்கு வருவோம். அது எடை தாங்கும் அளவு அல்ல. இழையின் யங் குணகத்தைச் சொல்லும் எண் அது. 40 டன் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 40,000 கிலோகிராம் விசை. 9.81ஆல் பெருக்கி அலகு மாற்றினால் ஏறக்குறைய 392 கிகாபாஸ்கல் வரும். அதேபோல் 24 டன் என்றால் 235, 30 டன் என்றால் 294. பழைய கண்ணாடி இழைத் தண்டுகளின் இழைக்கு இது 72 அளவில்தான் இருக்கும்.

யங் குணகம் ஒரு பொருளின் விறைப்பைச் சொல்கிறது. இழுக்கும்போது எவ்வளவு குறைவாக நீள்கிறது என்பதே விறைப்பு. எவ்வளவு இழுத்தால் அறும் என்பது வேறு. அதற்குப் பெயர் வலிமை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதில்தான் பல கோல்கள் ஒடிகின்றன.

ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வெளியிட்ட எண்களைப் பாருங்கள். டி300 என்ற சாதாரண இழையின் குணகம் 230 கிகாபாஸ்கல். தன் நீளத்தில் 1.5 விழுக்காடு நீண்ட பிறகுதான் அது அறும். எம்40 என்ற விறைப்பான இழையின் குணகம் 392, ஆனால் 0.7 விழுக்காடு நீளும்போதே அறுந்துவிடும். விறைப்பு ஏறியது, பொறுமை பாதியாகக் குறைந்தது! பின்னர் வந்த எம்40ஜே 377 கிகாபாஸ்கலில் 1.2 விழுக்காடு வரை தாங்குகிறது. ஆக, ஏறக்குறைய ஒரே 'டன்' உள்ள இரண்டு இழைகள்கூட ஒரே மாதிரி நடப்பதில்லை. விளம்பரத்தில் அந்த இரண்டாவது எண்ணை யாரும் போடுவதும் இல்லை.

இது தண்டில் எப்படி வேலை செய்கிறது? ஒரு குழாயை வளைத்தால் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும். நீளும் விழுக்காட்டைக் கணக்கிட எளிய வழி உண்டு: குழாயின் ஆரத்தை, வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். நுனிக்கு அருகில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆரம் 1.5 மில்லிமீட்டர். அந்த இடம் 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தைப் போல வளைந்தால், 1.5ஐ 150ஆல் வகுக்க 0.01, அதாவது 1 விழுக்காடு. டி300 இழை இதைத் தாங்கும். எம்40 அதற்கு முன்பே போய்விடும். (உண்மைத் தண்டில் பிசினும் உண்டு, நிறுவனங்கள் பலவகை இழைகளைக் கலந்தும் சுற்றுகின்றன. மேலும் மெல்லிய குழாய், பானம் குடிக்கும் குழல்போல நசுங்கியும் ஒடியும். கணக்கு திசையைக் காட்டும், அவ்வளவே.)

மீன் காலடிக்கு வந்ததும் கோலைச் செங்குத்தாகத் தூக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது வளைவு முழுவதும் அந்த மெல்லிய நுனியில் வந்து குவிகிறது. 'விலை உயர்ந்த கோல், சின்ன மீனுக்கே ஒடிந்தது' என்ற புலம்பலில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அப்படியானால் விறைப்பான இழை எதற்கு? எடைக்காக. இழை விறைப்பாக இருந்தால் குறைந்த பொருளிலேயே வேண்டிய விறைப்பு கிடைக்கும். இலேசான தண்டு, வளைத்துவிட்டால் சட்டென்று நேராகும், ஆட்டம் விரைவில் அடங்கும். பொய்யிரையை மீன் மெல்லத் தொட்டாலும் கைக்குத் தெரியும். படிவம் 4இல் நிலைமத்தை அளக்கும் 'நெராச்சா இனர்சியா' சோதனை நினைவிருக்கிறதா? தட்டில் பொருண்மையைக் கூட்டக் கூட்ட அலைவு நேரம் நீளும். தண்டும் அதே கதைதான். நுனியில் 1 கிராம் பிளாஸ்டிசினை ஒட்டி ஆட்டிப் பாருங்கள், மந்தமாகிவிடும். அதே 1 கிராமை அடியில் ஒட்டினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இலேசான தண்டை வாங்கிவிட்டு நுனியில் கனமான வளையங்களையும் தடித்த பசையையும் பூசுவது வீண்செலவு.

இழையைவிட வடிவம் பெரிய விஷயம் என்பது என் கருத்து. சுவரின் தடிப்பு மாறாமல் மெல்லிய குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 8 மடங்காகும். எடை 2 மடங்குதான் ஆகும். ஆகவே, சாதாரண 24 டன் இழையிலும் கூர்மையாக வேலை செய்யும் தண்டு செய்ய முடியும். 40 டன்னிலும் மட்டமான தண்டு செய்ய முடியும்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? தண்டில் 'மீடியம் லைட்', 'ஃபாஸ்ட்' என்று எழுதியிருக்கும். முதலாவது பவர்: தண்டை வளைக்க எவ்வளவு விசை வேண்டும். இரண்டாவது ஆக்‌ஷன்: எந்த இடத்தில் வளைகிறது. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளையும், ஸ்லோ என்றால் பிடிவரை வளையும். ஃபாஸ்ட் என்பது விறைப்பைக் குறிப்பதாக நினைக்காதீர்கள். இந்தச் சொற்களுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம், இன்னொன்றின் மீடியம் லைட்டாக இருக்கலாம்.

இந்தக் குழப்பத்துக்கு அமெரிக்காவின் வில்லியம் ஹன்னிமன் சில்லறைக் காசில் தீர்வு கண்டார். தண்டைக் கிடைமட்டமாகப் பிடித்து, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, 2.5 கிராம் எடையுள்ள அமெரிக்க ஒரு சென் காசுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். நுனி, தண்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் காசுகளை எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைதான் பவர். அதே நிலையில் நுனி கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது ஆக்‌ஷன். கோணம் பெரிதாக இருந்தால் தண்டு ஃபாஸ்ட்.

நமக்குக் காசு தேவையில்லை, தண்ணீர் போதும். 1 மில்லிலிட்டர் 1 கிராம். அடிப்பகுதியை மேசையில் துணி வைத்துக் கவ்விப் பிடியுங்கள். 180 சென்டிமீட்டர் வெளியே நீட்டினால், நுனி 60 சென்டிமீட்டர் இறங்கும்வரை பையில் மெதுவாக நீர் ஊற்றுங்கள். பாகைமானியால் நுனியின் கோணத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடக் கண்ணாடி அணிவது கட்டாயம். ஒடியும் கரிம இழையின் சிம்புகள் ஊசிபோல் பாயும். நண்பரிடம் உங்களுக்குப் பிடித்த கோல் ஒன்று இருந்தால் அதையும் இப்படி அளந்துவிடுங்கள். கடையில் தண்ணீர் ஊற்ற விடமாட்டார்கள். 100 கிராம் ஈயக்குண்டு ஒன்றைக் கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, இரண்டு மூன்று தண்டுகளின் நுனியில் மாற்றி மாற்றித் தொங்கவிட்டு ஒப்பிடலாம்.

பிறகு உங்கள் நீர்நிலையைப் பாருங்கள். பேராக்கின் பழைய ஈயக்குட்டைகளில் 7 கிராம் பொய்யிரை வீசி மயில் பாஸ் பிடிக்க நினைக்கும் ஒருவருக்கு ஆறு, ஆறரை அடி மீடியம் லைட் தண்டு போதும். தெமெங்கோர், கென்யிர் ஏரிகளில் சிபாராவ் பிடிப்பவருக்கு வேறு கவலை. அங்கே அணைநீரில் மூழ்கிய மரங்கள் நிற்கின்றன. தூண்டிலில் மாட்டிய மீன் நேராக மரத்துக்குள் ஓடும். நுனி இளகி, அடிப்பகுதி கெட்டியாக நின்று மீனைத் திருப்ப வேண்டும். அங்கே ஒரு படி கூடிய பவர் தேவை. முதல் கோல் கட்டும் மாணவருக்கு நான் சொல்வது: 24 அல்லது 30 டன், மிதமான ஃபாஸ்ட், இரு துண்டாகப் பிரியும் தண்டு. ஒற்றைத் துண்டுதான் உயர்ந்தது என்பார்கள், இருக்கட்டும். பேருந்தில் அதை வைத்துக்கொண்டு நின்று பார்த்தால் தெரியும்.

தண்டை மேசையில் உருட்டினால் ஒரு பக்கம் விறைத்துத் துள்ளும். தாள் சுற்றிய இடத்தின் சீரற்ற தன்மை அது, ஸ்பைன் என்பார்கள். ஸ்பின்னிங் கோலில் வளையங்கள் தண்டுக்குக் கீழே தொங்குவதால், மீன் இழுக்கும்போது அவை தாமாகவே கீழேயே நிற்கும், ஊஞ்சல் போல. எனவே ஸ்பைனுக்காகத் தூக்கம் கெட வேண்டாம். கண்ணால் பார்த்து, நேராகத் தெரியும் பக்கத்தில் வளையம் கட்டலாம்.

கடைசியாக ஒன்று. கரிம இழை மின்சாரத்தைக் கடத்தும். பிற்பகல் இடிமழை நமக்குப் புதிதல்ல. திறந்த ஏரிக்கரையில் ஈரக் கையோடு இரண்டு மீட்டர் கடத்தியை வானத்தை நோக்கிப் பிடித்து நிற்பதற்கு எந்த மீனும் ஈடாகாது. இடி கேட்டதும் கோலைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். உயரழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் வீசவே வேண்டாம். நனைந்த கண்ணாடி இழைக் கோலையும் அங்கே நம்ப முடியாது.