வாயிலில் நிற்கும் அந்த இருவர்



வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் கறுப்பு நிறப் பெயர்ப்பட்டி, தோளில் ஒரு பை. இக்கோலத்தில் இருவர் இருவராக நடந்து செல்லும் இளைஞர்களை, வெளிநாடுகளில் வாழும் உங்கள் உறவினர்களின் வீட்டு வாசலில் நீங்கள் கண்டிருக்கலாம். கண்டவுடன் நம்மில் பலர் செய்வது, உள்ளே எவரும் இல்லை என்பது போலத் திரைச்சீலையை இழுத்து விடுவதுதான். அவ்வாறு இழுத்தவர்களுள் இதனை எழுதுபவரும் ஒருவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இளைஞர்கள் யார், அவர்களுடைய ஒரு வாரம் எவ்வாறு கழிகின்றது என்பதைப் பின்னர் அறிந்தபோது, அத்திரைச்சீலையின் நினைவு சற்று உறுத்தியது.

உலகம் இவர்களை மோர்மன்கள் என்று அழைக்கின்றது. 1830 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் தொடங்கப்பட்ட இச்சபையின் முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும். மோர்மன் என்னும் சுருக்கப் பெயரைத் தவிர்க்குமாறு 2018 இல் அச்சபையின் தலைவர் கேட்டுக்கொண்டார். ஆயினும் அப்பெயர் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சோல்ட் லேக் நகரில் உள்ளது. இச்சபையின் ஆண்பிள்ளைகள் 24 மாதங்களும், பெண்பிள்ளைகள் 18 மாதங்களும் மறைபரப்புப் பணிக்குச் செல்கின்றனர். ஆண்கள் 18 வயதிலேயே செல்லலாம் என்று 2012 இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் 19 வயது. எந்த நாடு என்பதை அவர்கள் தெரிவு செய்வதில்லை. சபை அனுப்பும் இடத்துக்குச் செல்ல வேண்டும். சம்பளமும் இல்லை. அமெரிக்கக் குடும்பமொன்று தன் பிள்ளைக்காக மாதந்தோறும் 500 டொலர் செலுத்துகின்றது. 2020 ஜூலைக்கு முன் அது 400 டொலராக இருந்தது.

யூட்டாவிலிருந்து பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்ட பதினெட்டு வயது இளைஞர் ஒருவரை உங்கள் மனக்கண் முன் நிறுத்துங்கள். அவருக்கு நாம் பெயர் சூட்ட வேண்டியதில்லை. பணிக்காலம் முழுவதும் அவரை எவரும் முதற்பெயரால் அழைக்கப் போவதுமில்லை. 'எல்டர்' என்ற அடைமொழியுடன் குடும்பப் பெயர் மட்டுமே வழங்கும். 'மூப்பர்' என்பது அதன் பொருள். மீசை அரும்பும் வயதில் மூப்பர்!

பிலிப்பைன்ஸ் நமக்கு அந்நியமான நாடன்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 ஆம் திகதி காலிமுகத்திடலில் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தி, அன்றே மடு அன்னையின் திருத்தலத்துக்கும் சென்று, மறுநாள் நேரே மணிலாவுக்கே பயணமானார். ஆசியாவிலேயே கத்தோலிக்கர் மிக அதிகமாக வாழும் நாடு அது. ஆகவே, இந்த இளைஞர் தட்டப்போகும் கதவுகளில் பெரும்பாலானவை நம்மவர்களின் கதவுகள்.

வாரம் திங்கட்கிழமை தொடங்குகின்றது. அதனை அவர்கள் 'ஆயத்த நாள்' என்பர். அன்று போதனை இல்லை. வாளியில் சவர்க்கார நீர் நிரப்பி வெள்ளைச் சட்டைகளைக் கையால் துவைக்க வேண்டும். சந்தைக்குச் சென்று அரிசியும் முட்டையும் வாங்க வேண்டும். முடி வெட்டிக்கொள்ளலாம், அயற்பிள்ளைகளுடன் கூடைப்பந்து விளையாடலாம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாட்டில் வாழ்ந்தும் கடலில் நீந்துவதற்கு அனுமதி இல்லை. பணிக்காலத்தில் நீச்சலைச் சபையின் விதி தடுக்கின்றது.

அன்றுதான் வீட்டாருடன் பேசும் நாளும். மணிலாவில் திங்கட்கிழமை விடியும்போது யூட்டாவில் ஞாயிறு பிற்பகல். வழிபாட்டுக்குச் சென்று திரும்பிய தாய் தந்தையர் கைத்தொலைபேசியின் முன் அமர்ந்திருப்பர். இந்த வாராந்த உரையாடல் 2019 பெப்ரவரியில்தான் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் ஆண்டுக்கு இரு தடவைகள், கிறிஸ்து பிறப்பு விழா அன்றும் அன்னையர் தினத்தன்றும் மாத்திரமே மகனின் குரலைக் கேட்கலாம். எஞ்சிய நாட்களில் வாரத்துக்கு ஒரு மடல். 2013 நவம்பர் 8 ஆம் திகதி ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸின் தக்லோபன் நகரைச் சிதைத்தபோது அப்பகுதியில் இச்சபையின் மறைபரப்பாளர் 204 பேர் இருந்தனர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அச்சூறாவளியில் தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போயின. அந்த 204 பேரும் உயிருடன் இருப்பது உறுதியாகும்வரை பெற்றோர் காத்திருந்த அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளைத் தூர தேசங்களுக்கு அனுப்பிவிட்டுச் செய்திக்காகக் காத்திருந்த நம் தாய்மாருக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய் முதல் வேலை நாட்கள். காலை 6.30 மணிக்கு எழுந்து உடற்பயிற்சியும், செபமும், வேதாகமமும் மோர்மன் நூலும் வாசிப்பதும் முடித்து, துணைவருடன் வெளியே கிளம்ப வேண்டும். துணைவர் எனப்படுபவர் உடன் அனுப்பப்படும் மற்றொரு மறைபரப்பாளர். ஆண்டவர் தம் சீடரை இருவர் இருவராக அனுப்பியதை லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் நாம் வாசிக்கின்றோம். இவர்கள் அதனை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கின்றனர். இரவும் பகலும் ஒருவர் மற்றவரின் பார்வைக்கும் செவிக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துணைவரைத் தெரிவு செய்யவும் முடியாது. நம் இளைஞரின் துணைவர் இலோய்லோ பக்கத்தைச் சேர்ந்த பிலிப்பினோ இளைஞராக இருக்கலாம். ஒருவருக்கு ரொட்டி இல்லாமல் முடியாது, மற்றவருக்குச் சோறு இல்லாமல் முடியாது. ஒருவர் கோபித்துக்கொண்டாலும் ஓரிடத்துக்கு ஒதுங்கிப்போக வழியில்லை. கதவு தட்டுவதைவிட இதுவே கடினமான தவம் என்று எனக்குத் தோன்றுகின்றது.

கதவு தட்டுதல் என்றோம். உண்மையில் அந்நாட்டில் விருந்தினர் கதவைத் தட்டுவதில்லை. படலைக்கு வெளியே நின்று "தாவோ போ!" என்று குரல் கொடுப்பர். 'இங்கே ஒரு மனிதர் நிற்கின்றார் ஐயா' என்பது போன்ற பொருள். 'போ' என்பது நம் காதுக்குத் துரத்துவது போல ஒலித்தாலும், தகலொக் மொழியில் அது மரியாதைச் சொல். பயிற்சி நிலையத்தில் சில வாரங்கள் கற்ற மொழியைக் கொண்டு அந்த அமெரிக்கப் பிள்ளை இதனை நாளுக்குப் பலமுறை உரத்துச் சொல்கின்றது.

படலை திறக்கின்றது. முன்னறையில் குழந்தை இயேசுவின் திருச்சுரூபம், அதன் கீழே பூ. வீட்டுப் பாட்டியார், "நாங்கள் கத்தோலிக்கர்" என்று சொல்லிவிட்டே கதிரையை இழுத்துப் போடுகின்றார். வெயிலில் வந்த பிள்ளைகளுக்குக் கோப்பி கலக்குகின்றார். இங்கேதான் சங்கடம். அச்சபையினர் கோப்பியோ தேநீரோ மதுவோ அருந்துவதில்லை. ஒரு வீட்டில் கொடுத்த தேநீரை மறுப்பது எத்தகைய காரியம் என்பது நமக்குத் தெரியாததா? இளைஞர் தலைகுனிந்து தண்ணீர் கேட்கின்றார். பாட்டியார் எலுமிச்சை போன்ற கலமான்சிப் பழத்தைப் பிழிந்து கொடுக்கின்றார். அவர்கள் சொல்வதைக் கேட்கின்றார். நாளை வாருங்கள் என்கின்றார். மறுநாள் சென்றால் பாட்டியார் வீட்டில் இருப்பதில்லை. நேரே 'வேண்டாம்' என்று சொல்ல மனம் இடங்கொடாத மக்கள் அவர்கள். நாமும் அப்படித்தான்.

புதன்கிழமைகளில் பலர் வீட்டில் இருக்கவும் மாட்டார்கள். மணிலாப் பெருநகரின் பக்லாரன் தேவாலயத்தில் 1948 முதல் ஒவ்வொரு புதனும் சதா சகாய மாதா நவநாள் நடைபெற்று வருகின்றது. ஜீப்னி வண்டிகள் நிறைய மக்கள் அங்கே செல்வர். அக்கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து செல்லும் அந்த இருவரும் என்ன நினைப்பார்கள்?

வியாழனும் வெள்ளியும் இவ்வாறே கழியும். வாரத்தில் ஒரு நாள் அமர்ந்து கணக்குப் பார்ப்பர்: எத்தனை பேருக்குப் போதித்தோம், எத்தனை பேர் வழிபாட்டுக்கு வந்தனர், திருமுழுக்குக்கு நாள் குறித்தவர் எத்தனை பேர். ஆன்மாக்களை எண்ணிக்கையாக்கும் இவ்வழக்கம் எனக்கு உவப்பானதன்று. பல வாரங்களில் அந்த எண் பூச்சியம். மனம் சோர்ந்து, உடல் நலிந்து, இடைவழியில் வீடு திரும்பும் பிள்ளைகளும் உண்டு. இரண்டாண்டு முடியாமல் வந்தவன் என்னும் பார்வையை ஊர் முழுவதும் சந்திப்பது அவர்களுக்கு மற்றொரு பாரச் சிலுவை.

சனிக்கிழமை திருமுழுக்கு நடப்பதாக வைத்துக்கொள்வோம். அதே தெருவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் வெள்ளுடை தரித்துத் தொட்டியில் முழுமையாக அமிழ்த்தப்படுகின்றார். அவரது தாயார் வரவில்லை. வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கின்றார். இங்கே நாம் தெளிவாக இருக்க வேண்டும். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லியே அவர்கள் திருமுழுக்கு வழங்கினும், அப்பெயர்களால் அவர்கள் கருதுவது ஒரே கடவுளின் மூன்று ஆட்களை அன்று. நோக்கத்தால் ஒன்றுபட்ட, தனித்தனியான மூவரை. இதனாலேயே அத்திருமுழுக்கு செல்லுபடியாகாது என விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001 ஜூன் 5 ஆம் திகதி அறிவித்தது. அத்தாயின் கண்ணீருக்குக் காரணம் உண்டு. தொட்டியருகே நிற்கும் இளைஞரின் மகிழ்ச்சியிலும் வஞ்சகம் இல்லை. தன்னிடமுள்ள மிகச் சிறந்ததைக் கொடுத்துவிட்டதாகவே அவர் நம்புகின்றார். இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பது எளிதன்று.

அத்தாயின் வீட்டில் எத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்து செபித்தார்கள், மகளின் கேள்விகளுக்கு எவர் பதில் சொன்னார் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்போல் இருக்கின்றது. பதினெட்டு வயது மகனை இரண்டாண்டுகளுக்கு ஆண்டவரின் பணிக்கென்று, அதுவும் உயர்கல்வியை ஒத்திவைத்து, வீட்டுச் செலவிலேயே அனுப்பும்படி பங்குத்தந்தை வந்து கேட்டால், உங்கள் வீட்டில் என்ன பதில் கிடைக்கும்? என் வீட்டில் கிடைத்திருக்கக்கூடிய பதிலை நான் அறிவேன்.

ஞாயிறு அன்று ஊரெங்கும் ஆலயமணி. அவர்கள் தம் சிற்றாலயத்தில் கூடி அப்பமும், திராட்சை இரசத்துக்குப் பதிலாகத் தண்ணீரும் பகிர்ந்துகொள்வர். மாதத்தின் முதல் ஞாயிறெனில் இரு வேளை உணவை விட்டு, அதற்கான பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பர். மாலையில் மீண்டும் தெரு. இம்முறை பாட்டியார் வீட்டில் இருக்கின்றார். மதம் பற்றிப் பேச வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டு, சோற்றையும் மீனையும் முன்னே வைக்கின்றார். இருவரும் நன்றாகச் சாப்பிடுகின்றனர்.

இரவு 10.30 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். விடிந்தால் திங்கட்கிழமை, துவைப்பதற்கு ஐந்து சட்டைகள் வாளியருகே கிடக்கின்றன. தொலைபேசித் திரையில் முகம் தெரிந்ததும் யூட்டாவிலுள்ள தாயார் முதலில் கேட்கப்போவது, "சாப்பிட்டாயா?" என்றுதான்.