சால்வை ஏன் முக்கோணமாகிறது?

பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு ஆசையாகத் தொடங்கிய சால்வை, பத்தாவது வரிசையில் முக்கோணமாகி நிற்கும். டிரெபிள் குரோஷே பழகுகிறவர்கள் பலர் ஊசியைத் தூக்கிப் பரணில் போடுவது இங்கேதான். கோளாறு கையில் இல்லை, எண்ணிக்கையில்.

நூலை ஊசியில் இரண்டு முறை சுற்றி, தையலுக்குள் விட்டு, நூலை இழுத்தால் ஊசியில் 4 வளையங்கள் இருக்க வேண்டும். 3தான் என்றால் ஒரு சுற்று நழுவியிருக்கிறது. பிறகு நூலைக் கொக்கியில் மாட்டி, இரண்டிரண்டு வளையங்கள் வழியாக 3 முறை இழுத்தால் உயரமான ஒரு தையல் தயார்.

சிக்கல் ஓரத்தில்தான். திரும்பும்போது போடும் 4 செயின்களே புது வரிசையின் முதல் தையல். அதனால் கீழே முதல் தையலை விட்டுவிட்டு அடுத்ததில் தொடங்க வேண்டும். வரிசை முடிவில், முந்தைய வரிசையின் அந்த 4-வது செயினிலும் ஒரு தையல் போட வேண்டும். ஒல்லியாகச் சுருண்டு கிடப்பதால் அது கண்ணிலேயே படாது! விட்டால் வரிசைக்கு ஒன்று குறையும். செயின் போட்டதுமே அதில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டால் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, இது அமெரிக்கப் பெயர். பிரிட்டிஷ் குறிப்புகளில் இதே தையல் 'டபுள் டிரெபிள்'. அங்கே வெறும் 'டிரெபிள்' என்றால் இதைவிடக் குட்டை.